களமசேரி: ஒரே வாக்காளர், இரண்டு கணக்கு
தில்லிக்கு ஒரு கட்சி, திருவனந்தபுரத்துக்கு வேறு கட்சி. கொச்சியின் புறநகரும் கிராமமும் கலந்த ஒரு தொகுதி, ஐந்து ஆண்டுகளில் மூன்று தேர்தல்களில் சொன்ன தீர்ப்பு.

மார்க்சிஸ்ட் கட்சியின் பி. ராஜீவுக்கு இரண்டே ஆண்டுகளில் இரண்டு முகங்களைக் காட்டிய ஊர் களமசேரி. 2019 ஏப்ரலில் அவர் எர்ணாகுளம் மக்களவைத் தொகுதி வேட்பாளர். அந்தத் தொகுதிக்குள் அடங்கிய களமசேரி உட்பட ஏழு சட்டமன்றப் பகுதிகளிலும் பின்தங்கி, காங்கிரஸின் ஹைபி ஈடனிடம் 1,69,053 ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார். 2021 ஏப்ரலில் அதே ராஜீவ் அதே களமசேரியில் சட்டமன்றத்துக்கு நின்றார். இந்த முறை 15,336 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். மே மாதம் மாநிலத் தொழில்துறை அமைச்சராகப் பதவியேற்றார்.

கதை அங்கே முடியவில்லை. 2024 ஏப்ரலில் மறுபடி மக்களவைத் தேர்தல். அமைச்சரின் சொந்தத் தொகுதியே அவருடைய கட்சி வேட்பாளர் கே.ஜே. ஷைனைக் கைவிட்டது. ஹைபி ஈடன் முன்பைவிடப் பெரிதாக, 2,50,385 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். மறுபடியும் ஏழு பகுதிகளிலும் அவருக்கே முன்னிலை.

மூன்று தேர்தலிலும் வரிசையில் நின்றவர்கள் ஏறக்குறைய அதே மக்கள்தான். அதே பள்ளிக்கூடம், அதே வாக்குச்சாவடி, அதே மை. ஐந்து ஆண்டுகளில் அவர்கள் இத்தனை முறை கட்சி மாறிவிட்டார்களா? இல்லை. தில்லிக்கு ஒரு கணக்கு, திருவனந்தபுரத்துக்கு ஒரு கணக்கு என்று தனித்தனியே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்குகள் எப்படி எழுதப்படுகின்றன என்று பார்க்க வேண்டுமானால், முதலில் ஊரைப் பார்க்க வேண்டும்.

ஆலுவாவில் மெட்ரோ ரயில் ஏறித் தெற்கே வந்தால் முட்டத்துக்கு அடுத்த நிலையம் களமசேரி. அதற்கு அடுத்தது கொச்சி பல்கலைக்கழகம். 2017 ஜூனில் ஓடத் தொடங்கிய இந்த ரயிலின் ஜன்னல் வழியே தெரிவது நகரம்தான்: அடுக்குமாடி வீடுகள், மாணவர் விடுதிகள், நெடுஞ்சாலையில் முட்டி நிற்கும் லாரிகள். ஹெச்.எம்.டி. தொழிற்சாலை, டயர் தொழிற்சாலை, அரசு மருத்துவக் கல்லூரி, புதிய தலைமுறைக் கணினிக்காரர்களுக்கான ஸ்டார்ட்-அப் வளாகம் எல்லாம் ஒரே நகராட்சிக்குள் நெருக்கியடித்து நிற்கின்றன.

மேற்கே திரும்பினால் காட்சி மாறுகிறது. பெரியாற்றின் கிளைகளுக்கு நடுவே தீவாகக் கிடக்கும் ஏலூரில் புகைபோக்கிகள். ஆற்றைத் தாண்டினால் கடுங்கல்லூர், ஆலங்காடு, கருமாலூர், குன்னுகரை என்று நான்கு ஊராட்சிகள். தென்னை, வாழை, வயல், தோடு, சர்ச், மசூதி, பகவதி கோயில். ஆலங்காடு ஒரு காலத்தில் வெல்லத்துக்குப் பேர் போன ஊர். மறைந்துபோன அந்தக் கரும்பை அண்மை ஆண்டுகளில் மறுபடி நட்டுப் பார்த்தார்கள். இரண்டு நகராட்சி, நான்கு கிராம ஊராட்சி. களமசேரி சட்டமன்றத் தொகுதி என்பது இவ்வளவுதான். மெட்ரோ பயணியும் வாழைத் தோட்டக்காரரும் ஒரே வாக்குப் பெட்டிக்குள்.

இந்தத் தொழிற்சாலைப் புகைக்கும் தமிழ்நாட்டுக்கும் பழைய உறவு உண்டு. ஏலூரில் ஃபேக்ட் என்று எல்லோரும் அழைக்கும் திருவிதாங்கூர் உர ஆலை 1943இல் பதிவானது. திருவிதாங்கூர் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் ஊக்கம் கொடுக்க, திருச்சியின் சேஷசாயி சகோதரர்கள் நிறுவனம் முன்னின்று தொடங்கிய ஆலை அது. 1947இல் உற்பத்தி ஆரம்பமானது. உத்யோகமண்டல் என்ற பெயரே அந்த வட்டாரத்துக்கு முகவரியாகிவிட்டது. பின்னால் ரசாயன ஆலை, அரிய மண் தாதுக்களைப் பிரிக்கும் ஆலை, டி.டி.டி. பூச்சிமருந்து ஆலை என்று வரிசையாக வந்தன. சென்னை முருகப்பா குழுமத்தின் கார்பொரண்டம் யுனிவர்சலுக்கும் களமசேரியில் ஆலை இருக்கிறது.

இங்கேதான் முதல் கணக்கு தொடங்குகிறது. ஃபேக்ட், ஹெச்.எம்.டி., அரிய மண் ஆலை எல்லாமே மத்திய அரசு நிறுவனங்கள். அவற்றுக்குப் பணம் வருமா, பங்கு விற்கப்படுமா, ஆள் எடுப்பார்களா என்பதைத் தீர்மானிப்பது தில்லி. ஏலூரில் ஒரு தொழிலாளி குடும்பத்துக்கு மக்களவைத் தேர்தல் என்றால், சம்பளம் கொடுக்கும் முதலாளியை மாற்ற ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை கிடைக்கும் சந்தர்ப்பம். தில்லியில் ஆட்சி அமைக்கக்கூடிய கட்சி எது, அதைத் தடுக்கக்கூடிய கட்சி எது என்றுதான் அப்போது கேள்வி எழும். அந்தக் கேள்விக்கு மார்க்சிஸ்ட் கட்சியிடம் பதில் கம்மி. 2019இல் ராகுல் காந்தி வயநாட்டில் நின்றதும் கேரளத்தின் 20 இடங்களில் 19 காங்கிரஸ் கூட்டணிக்குப் போயின. 2024இல் 18. இரண்டு முறையும் இடதுசாரிகளுக்கு மிஞ்சியது ஒரே ஓர் இடம்.

சட்டமன்றத் தேர்தல் என்றால் பேச்சு வேறு. 2016இல் 600 ரூபாயாக இருந்த சமூக நல ஓய்வூதியம் 2021 தேர்தலுக்குள் 1,600 ஆகியிருந்தது. கொரோனா காலத்தில் ரேஷன் கடையில் இலவச மளிகைப் பை கிடைத்தது. அதற்கு முன், 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பெரியாறு ஏலூருக்குள்ளும் கடுங்கல்லூருக்குள்ளும் புகுந்தபோது முகாம் நடத்தியது மாநில அரசு. வீட்டுப் பாட்டிக்குப் பென்ஷன் கொடுப்பது யார் என்பது திருவனந்தபுரத்துக் கணக்கு. 2021இல் இடது முன்னணி 140இல் 99 இடம் பிடித்து, ஆட்சி மாறி மாறி வரும் நாற்பது ஆண்டு வழக்கத்தை உடைத்தது. களமசேரி அந்த 99இல் ஒன்று.

ஆனால் களமசேரி இடதுசாரிகளின் கோட்டை கிடையாது. இங்கே இன்னொரு கதை ஓடுகிறது. அது தொடங்குவது துறைமுகத்துக்கு அப்பால், மட்டாஞ்சேரியில்.

மிளகு மண்டிகளும் யூதர் தெருவும் உள்ள மட்டாஞ்சேரி முன்பு தனிச் சட்டமன்றத் தொகுதியாக இருந்தது. 2001லும் 2006லும் அங்கே ஜெயித்தவர் முஸ்லிம் லீக்கின் வி.கே. இப்ராகிம் குஞ்ஞு. 2008இல் தொகுதி மறுவரையறை வந்தபோது மட்டாஞ்சேரி வரைபடத்திலிருந்து மறைந்தது, களமசேரி பிறந்தது. லீக் தன் இடத்தை அப்படியே ஆற்றங்கரைக்கு மாற்றிக்கொண்டது. 2011இல் புதிய தொகுதியின் முதல் தேர்தலில் இப்ராகிம் குஞ்ஞு மார்க்சிஸ்ட்டின் கே. சந்திரன்பிள்ளையை 7,789 ஓட்டில் தோற்கடித்தார்; பொதுப்பணித்துறை அமைச்சரானார். 2016இல் மாநிலமெங்கும் இடது அலை வீசியபோதும் அவருடைய வித்தியாசம் 12,118 ஆகக் கூடியது.

அப்புறம் வந்தது பாலம். களமசேரியிலிருந்து சில கிலோமீட்டர் தெற்கே, பாலாரிவட்டத்தில் அவர் அமைச்சராக இருந்தபோது கட்டிய மேம்பாலம், 2016 அக்டோபரில் திறக்கப்பட்டது. மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. விரிசல் காரணமாக 2019 மே மாதம் மூடிவிட்டார்கள். முறைகேடு வழக்கில் 2020 நவம்பரில் லஞ்ச ஒழிப்புத்துறை இப்ராகிம் குஞ்ஞுவை மருத்துவமனையில் வைத்துக் கைது செய்தது. குற்றச்சாட்டை அவர் மறுத்தார். பின்னர் ஜாமீன் கிடைத்தது. 'மெட்ரோ மனிதர்' இ. ஸ்ரீதரனின் மேற்பார்வையில் திருத்திக் கட்டிய பாலம் 2021 மார்ச் 7ஆம் தேதி மறுபடி திறந்தது. வாக்குப்பதிவு ஏப்ரல் 6. எந்தப் பிரசாரக் கூட்டத்தையும்விட அந்தப் பாலம் சத்தமாகப் பேசியது.

லீக் அந்த நேரத்தில் இப்ராகிம் குஞ்ஞுவின் மகன் அப்துல் கபூரை வேட்பாளராக்கியது. கட்சிக்குள்ளேயே முணுமுணுப்பு. எதிர்ப்பக்கத்திலும் சலசலப்பு இல்லாமல் இல்லை; சந்திரன்பிள்ளைக்கே இடம் கொடுக்க வேண்டும் என்று சுவரொட்டிகள் முளைத்தன. முடிவில் ராஜீவுக்கு 77,141 ஓட்டு, கபூருக்கு 61,805.

இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. காங்கிரஸ் அனுதாபி ஒருவர் மக்களவைத் தேர்தலில் தேடுவது தன் கட்சியின் கைச் சின்னத்தை. சட்டமன்றத் தேர்தலில், கூட்டணி உடன்பாட்டின்படி, இதே சாவடியில் அவர் அழுத்த வேண்டியது லீக்கின் ஏணி. கை தானாகப் போகும் பொத்தானுக்கும், கூட்டணிக்காக அழுத்தும் பொத்தானுக்கும் நடுவே சில ஆயிரம் ஓட்டுகள் வழுக்கி விழும். தமிழ்நாட்டில் கூட்டணிக் கட்சிக்குத் தொகுதியை விட்டுக்கொடுத்துவிட்டுத் தொண்டனைச் சமாதானப்படுத்தும் மாவட்டச் செயலாளர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

தமிழ் வாசகருக்கு இங்கே தலை சுற்றலாம். வாளையாருக்குக் கிழக்கே காங்கிரஸும் மார்க்சிஸ்ட்டும் ஒரே மேடை. தி.மு.க. கூட்டணியில் 2019இல் மார்க்சிஸ்ட் கட்சி மதுரையையும் கோயம்புத்தூரையும் பிடித்தது. காங்கிரஸ் தொண்டர்களும் அரிவாள் சுத்தியலுக்கு ஓட்டுக் கேட்டார்கள். அந்த ஆண்டு நாடு முழுவதும் அக்கட்சி ஜெயித்தது மூன்றே இடம். மூன்றாவது கேரளத்தின் ஆலப்புழை. அதாவது, அக்கட்சியின் மக்களவை பலத்தில் மூன்றில் இரண்டு பங்கு காங்கிரஸின் தோழமையோடு வந்தது. மீதி ஒன்று காங்கிரஸைத் தோற்கடித்து வந்தது. 2024லும் மதுரை, திண்டுக்கல் இரண்டும் தமிழகத்திலிருந்து. கேரளத்திலிருந்து ஆலத்தூர் மட்டும். தில்லியில் தோளோடு தோள், எர்ணாகுளத்தில் நேருக்கு நேர். இதைக் களமசேரி வாக்காளர் குழப்பமாகப் பார்க்கவில்லை. தில்லியில் இருவரும் ஒரே பக்கம்தானே, அப்படியானால் பெரியவரையே அனுப்புவோம் என்று சுருக்கமாக முடித்துவிடுகிறார்.

இப்படி ஓட்டைப் பிரித்துப் போடுவது களமசேரியின் கண்டுபிடிப்பு அல்ல. கூட்டாட்சி நடக்கும் நாடுகளிலெல்லாம் இது உண்டு. கனடாவின் டொரொன்டோ நகரத்தில் ஈழத் தமிழர்கள் நிறைந்த ஸ்கார்பரோ-ரூஜ் பார்க் தொகுதி நல்ல உதாரணம். 2015லும் 2019லும் அந்த ஊர் மத்திய நாடாளுமன்றத்துக்கு லிபரல் கட்சியின் கேரி ஆனந்தசங்கரியை அனுப்பியது. இடையில் 2018இல் ஒன்டாரியோ மாகாணச் சட்டமன்றத்துக்கு, எதிர்க்கட்சியான முற்போக்குப் பழமைவாதக் கட்சியின் விஜய் தணிகாசலத்தை அனுப்பியது. இருவரும் தமிழர், ஒரே தெரு, ஒரே வாக்காளர், இரண்டு கட்சி. ஏலூர்க்காரர் ஒருவரை அங்கே கொண்டுபோய் விட்டால் ஒன்றும் புதிதாகத் தெரியாது.

கொச்சித் தமிழர்களும் இந்த ஆட்டத்தில் உண்டு. வாத்துருத்தியில் தலைமுறைகளாக வாழும் தமிழ்த் தொழிலாளர்கள், ஃபோர்ட் கொச்சி சலவைத் துறையில் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்கள் எல்லாரும் எர்ணாகுளம் மக்களவைத் தொகுதிக்குள்தான் வருகிறார்கள்.

பிரசாரத்தைப் பொறுத்தவரை, மதுரை, சேலம் தேர்தல் பார்த்தவருக்கு களமசேரி கொஞ்சம் அமைதியாகத் தோன்றும். கட்-அவுட் குறைவு. பதிலுக்குக் குடும்பயோகம் என்கிற வீட்டு முற்றக் கூட்டங்கள். பத்து இருபது வீட்டார், பிளாஸ்டிக் நாற்காலி, கட்டன்சாயா, ஒரு பேச்சாளர். தொண்டர் குழு வீடு வீடாகத் திரும்பத் திரும்ப ஏறி இறங்கும். யார் வளைகுடாவில் இருக்கிறார், யார் படுக்கையில் இருக்கிறார், யார் ஊர் மாறினார் என்ற பட்டியல் கட்சி ஆபீசில் இருக்கும். பிரசாரம் ஓயும் மாலையில் மட்டும் எல்லாக் கட்சியும் ஒரே சந்திப்பில் கூடிச் செண்டையும் கொடியுமாக அதிர வைக்கும். கொட்டிக்கலாசம் என்று அதற்குப் பெயர். மறுநாள் தெரு வெறிச்சோடிக் கிடக்கும்.

வாக்கு இயந்திரத்தின் பிறந்த ஊரும் பக்கத்தில்தான். தொகுதியின் கிராமப்பகுதி சேர்ந்திருக்கும் பறவூர் தாலுகாவில், பறவூர் சட்டமன்றத் தொகுதியில் 1982 மே மாதம் நாட்டிலேயே முதல் முறையாக 50 சாவடிகளில் மின்னணு இயந்திரம் வைத்துப் பார்த்தார்கள். இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் சிவன்பிள்ளை 123 ஓட்டில் காங்கிரஸின் ஏ.சி. ஜோஸை வென்றார். சட்டத்தில் இயந்திரத்துக்கு இடமே இல்லை என்று ஜோஸ் உச்ச நீதிமன்றம் போனார். 1984இல் அந்தச் சாவடிகளின் தேர்தல் ரத்தாகி, காகிதச் சீட்டில் மறுவாக்குப்பதிவு நடந்து, ஜோஸ் ஜெயித்தார். பொத்தானைப் பற்றிய முதல் சண்டையைப் பார்த்த மக்கள் இவர்கள். ஓட்டை எண்ணிப் பார்த்துப் போடுவதில் ஆச்சரியம் என்ன?

அவர்களின் நிதானத்துக்கு ஒரு கடுமையான பரீட்சை 2023 அக்டோபர் 29 ஞாயிற்றுக்கிழமை வந்தது. களமசேரி மாநாட்டு மண்டபம் ஒன்றில் யெகோவாவின் சாட்சிகள் பிரிவினரின் ஜெபக்கூட்டத்தில் குண்டுகள் வெடித்தன. உயிரிழந்தவர்கள் எண்ணிக்கை கடைசியில் எட்டானது. தமிழர்களுக்கு இந்த ஊரின் பெயர் ஏற்கெனவே ஒரு கசப்பான நினைவு: 2005 செப்டம்பரில் சேலம் புறப்பட்ட தமிழ்நாடு அரசுப் பேருந்தை இங்கேதான் கடத்தி வந்து எரித்தார்கள். குண்டு வெடித்த முதல் மணி நேரங்களில் எந்த மதத்தின் பக்கம் விரல் நீளும் என்று ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. வதந்தி கிளம்பவும் செய்தது. அன்றே ஒருவர் போலீசில் சரணடைந்து, தானே செய்ததாகச் சொன்னார். அவர் அந்தப் பிரிவிலேயே முன்பு இருந்தவர். மறுநாள் திருவனந்தபுரத்தில் கூடிய அனைத்துக் கட்சிக் கூட்டம் ஒரே குரலில் தீர்மானம் போட்டது. ஆறு மாதம் கழித்து வந்த தேர்தலில் எர்ணாகுளத்தில் பா.ஜ.க. மூன்றாம் இடத்தைத் தாண்டவில்லை.

அந்த 2024 தேர்தலில் திருவனந்தபுரத்துக் கணக்கும் தில்லிக் கணக்கோடு கொஞ்சம் கலந்துவிட்டது. நல ஓய்வூதியம் மாதக்கணக்கில் பாக்கி விழுந்திருந்தது. பென்ஷன் கொடுத்த கை என்று 2021இல் ஓட்டு வாங்கியவர்கள், பென்ஷன் வராத கோபத்தையும் சந்திக்க வேண்டி வந்தது. இரண்டு லட்சத்து ஐம்பதாயிரம் வித்தியாசத்துக்கு மோடி எதிர்ப்பு மட்டும் காரணம் என்று யாரும் சொல்லவில்லை.

வாக்காளர் இரண்டு கணக்கு எழுதுவது புத்திசாலித்தனம்தான். ஆனால் இரண்டு புத்தகத்திலும் ஏறாமல் போகும் செலவு ஒன்று இந்தத் தொகுதியில் இருக்கிறது: பெரியாறு.

முல்லைப் பெரியாறு அணையில் தமிழ்நாடு வைகைக்குத் திருப்பிக்கொள்ளும் ஆறு இதுவேதான். திருப்பியது போக மீதி, இடுக்கி மலைகளைக் கடந்து ஆலுவா வந்து, கிளை பிரிந்து, ஏலூரின் ஆலைகளையும் கடுங்கல்லூர் எடையாறு தொழிற்பேட்டையையும் உரசிக்கொண்டு காயலில் சேர்கிறது. அந்தத் தண்ணீரின் நிறம் மாறுவதும் மீன் செத்து மிதப்பதும் இங்கே பல பத்தாண்டுப் புகார். ஏலூரைப் பற்றி வந்த ஆய்வுகளும், உச்ச நீதிமன்றக் குழுவின் வருகையும், போராட்டங்களும் பழைய செய்திகள்.

2024 ஏப்ரல் 26ஆம் தேதி வாக்குப்பதிவு முடிந்தது. எண்ணிக்கை ஜூன் 4. நடுவில், மே 20ஆம் தேதி இரவு, பாதாளம் தடுப்பணைக்குக் கீழே மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து மிதக்கத் தொடங்கின. விடிந்தபோது ஆறு வெள்ளையாக இருந்தது. வராப்புழை, சேரானல்லூர், கடமக்குடி பகுதிகளில் கூண்டு வைத்து மீன் வளர்த்தவர்கள், கடன் வாங்கிப் போட்ட முதல் கண் முன்னே அழுகுவதைப் பார்த்தார்கள். செத்த மீனைக் கூடையில் அள்ளி வந்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஏலூர் அலுவலகத்தில் கொட்டினார்கள். தடுப்பணையைத் திறந்ததால் ஆக்சிஜன் குறைந்த தண்ணீர் இறங்கியதுதான் காரணம் என்றது வாரியம். தண்ணீரில் அமோனியாவும் சல்பைடும் ஆபத்தான அளவில் இருந்ததாகச் சொன்னது மீன்வளப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு.

அந்த நேரத்தில் இயந்திரங்கள் சீல் வைத்துப் பூட்டிய அறையில் இருந்தன. யாரையும் கேட்டு ஓட்டுப் போட இனி நாள் இல்லை. கேட்டிருந்தாலும் யாரைக் கேட்பது? பெரிய ஆலைகள் சில தில்லியுடையவை. சின்ன ஆலைகள் தனியாருடையவை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் தடுப்பணையின் கதவும் மாநிலத்துடையவை. அப்போது தொகுதியின் எம்.எல்.ஏ. தொழில்துறை அமைச்சராக இருந்தார், ஆலைகளை வரவழைப்பது அவர் வேலை. எம்.பி. எதிர்க்கட்சிக்காரர், மக்களவையில் கேள்வி கேட்பது அவர் வேலை. ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்ட வசதியாக அமைந்திருக்கிறது ஏற்பாடு. கூட்டாட்சியின் நன்மையை வாக்காளர் பிரித்து எடுத்துக்கொண்டார். அதன் இடுக்கில் ஆறு மாட்டிக்கொண்டது.

ஆலைகளை மூடு என்று சொல்வதும் எளிதல்ல. ஏலூரில் மீன் பிடிப்பவருக்கும் ஆலை கேட்டுக்குள் போகிறவருக்கும் நடுவே வேலி கிடையாது. பல வீடுகளில் ஒரே சோற்றுப் பானை. அண்ணன் ஷிப்டுக்குப் போக, தம்பி வலை கட்டுவான். இதனாலேயே எந்தக் கட்சியும் பெரியாற்றை முதல் முழக்கமாக வைக்கத் தயங்குகிறது. ஆலையைப் பற்றிப் பேசினால் தொழிற்சங்கம் முறைக்கும். பேசாவிட்டால் ஆற்றங்கரை முறைக்கும். இரண்டுக்கும் பாதுகாப்பான தலைப்பு மோடி அல்லது பினராயி.

பாதாளம் பாலத்தில் நின்றால் ஒரு பக்கம் புகைபோக்கிகளும் மறுபக்கம் தென்னந்தோப்பும் தெரியும். கீழே தடுப்பணையின் இரும்புக் கதவுகள். மேலே தேங்கும் தண்ணீருக்கும் கீழே ஓடும் தண்ணீருக்கும் ஒவ்வொரு நாள் நிறமே வேறு. தில்லிக்கும் திருவனந்தபுரத்துக்கும் ஓட்டை இவ்வளவு துல்லியமாகப் பங்கு போடத் தெரிந்த மக்கள், இரண்டு தேர்தலிலும், எந்தச் சின்னத்தோடு வருபவரிடமும், இந்தக் கதவை எப்போது, யார் சொல்லித் திறப்பீர்கள் என்று ஒரே கேள்வியைக் கேட்டால் போதும். பிரசார ஜீப் நிற்கத்தான் வேண்டியிருக்கும்.